சிரிப்புக்கு கிளியரன்ஸ் தேவையில்லை

போன மே மாதம் ஆபிஸ் நண்பர்கள் ஆறு பேர் ஊட்டிக்கு வந்தார்கள். நான் குன்னூர்க்காரன் என்பதால் வழிகாட்ட என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். இ-பாஸ் எடுத்து, கல்லாறு செக்போஸ்ட்டில் காத்திருந்து, மலையேறி விடுதிக்குப் போய்ச் சேர்ந்தால் ரிசப்ஷனில் ஆள் இல்லை. மணியை இரண்டு தடவை அடித்த பிறகு ஒரு பையன் ஓடிவந்தான். கை இரண்டும் ஈரம். மாடியில் பாத்ரூம் கழுவிக்கொண்டிருந்திருக்கிறான். கையைப் பேண்ட்டில் துடைத்துவிட்டு "வெல்கம் சார்" என்று சிரித்தான். ஆதாரை வாங்கி ஜெராக்ஸ் போட்டது அவன். பெட்டிகளைத் தூக்கியது அவன். ராத்திரி கேம்ப்ஃபயருக்கு விறகு அடுக்கியது அவன். காலையில் பூரி கொண்டுவந்து வைத்ததும் அவன்தான்.

நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது ஒரு நண்பன் கேட்டான்: "உங்க ஊர்ல தடுக்கி விழுந்தா ஹோட்டல். அப்புறம் ஏன்டா உங்க ஊர்ப் பசங்க எல்லாம் ரிசப்ஷன் வேலைக்கு துபாய், மாலத்தீவுன்னு ஓடுறாங்க?"

நான் பதில் சொல்வதற்குள் மற்றவர்களே சொல்லிவிட்டார்கள். ஒருவன், "ஃபாரின் மோகம்" என்றான். இன்னொருவன், "அவங்க சாய்ஸ், நாம யாரு கேக்க" என்றான். மூன்றாவது ஆள் கொஞ்சம் நியூஸ் படிப்பவன். "போய் மாட்டிக்கிட்டு வீடியோ போடுறாங்க. டிகிரி படிச்சிருக்கான், ஒரு காண்ட்ராக்ட்டை ஒழுங்காப் படிக்க வேணாமா?" என்றான்.

மோகம், சாய்ஸ், படித்தும் ஏமாந்த முட்டாள்தனம். இந்த மூன்றையும் நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். நம் மாதிரி ஆட்கள் எழுதும் புலம்பெயர் கட்டுரைகளிலும் இதே தொனிதான். நாம் போனால் அது அயல்வாழ்வு. ஸ்னோ, தனிமை, அம்மா வைத்த ரசம் எல்லாம் அதில் வரும். ரிசப்ஷனிஸ்ட் போனால் மட்டும் மோகமா? அன்று நெருப்புக்கு முன்னால் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் ஒரு பங்கு என்மேலும் உண்டு. காரணம் பின்னால் வரும்.

*

முதலில் 'தடுக்கி விழுந்தா ஹோட்டல்' என்ற விஷயம்.

நீலகிரி விருந்தாளிகளுக்காகவே திருத்தி அமைக்கப்பட்ட மலை. 1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே ஏறினார். 1822இல் ஊட்டியில் கல் பங்களா கட்டத் தொடங்கினார். அதற்குப் பிறகு வெயிலுக்கு ஒதுங்க வந்த கவர்னர், துரை, சினிமாக்காரர், தேனிலவு ஜோடி, இப்போது லாங் வீக்எண்டுக்கு வரும் நாம் என்று விருந்தாளிகள் மாறிக்கொண்டே வந்தார்கள். அவர்களை வரவேற்க ஆள் வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

ஒரு காலத்தில் இங்கே வேறு வேலைகளும் இருந்தன. 1960இல் ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தை மத்திய அரசு ஆரம்பித்தது. தொழிற்சாலையைச் சுற்றி இந்து நகர் என்று ஒரு ஊரே உருவானது. ஃபிலிம் சுருள் போன வழியே அந்தத் தொழிற்சாலையும் போய்விட்டது. சோவியத் யூனியன் உடைந்த பிறகு நீலகிரித் தேயிலைக்கு இருந்த பெரிய சந்தை ஆட்டம் கண்டது. 90களின் முடிவில் பச்சைத் தேயிலை கிலோவுக்கு ஒற்றை இலக்க விலைக்கு விழுந்தபோது, ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருந்த சிறுவிவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். எங்களைப் போலச் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களைக் குடியமர்த்த 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் பிற்பாடு டேன்டீ ஆனது. அதுவும் நஷ்டத்தில் தள்ளாடி, 2022இல் 2,000 ஹெக்டேருக்கு மேல் தோட்டத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க முடிவானது.

விளைவு என்ன? 2001 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்ட மக்கள்தொகை 7,62,141. 2011இல் 7,35,394. தமிழ்நாட்டில் அந்தப் பத்தாண்டில் ஜனத்தொகை குறைந்த ஒரே மாவட்டம் எங்களுடையதுதான். 2025 கோடையில் மலைக்கு வரும் வண்டிகளுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000. கோர்ட்டு உத்தரவு அது. நல்ல உத்தரவுதான், மலை தாங்காது. ஆனால் மேலே ஏறும் ஒவ்வொரு காரையும் எண்ணத் தெரிந்த நமக்கு, காலை பஸ்ஸில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பையன்களை எண்ணத் தோன்றவில்லை.

மிச்சமிருப்பது ஹோட்டல் வேலை. அதனால்தான் இங்கே பிளஸ் டூ முடித்த பையன் கேட்டரிங் சேர்கிறான். என் சித்தி மகனும் சேர்ந்தான். அவன் பெயரைப் போட விரும்பவில்லை, தம்பி என்றே சொல்கிறேன். மூன்று வருடப் படிப்பு. டை கட்டக் கற்றுக்கொண்டான், நைட் ஆடிட் கற்றுக்கொண்டான், கோபமாக இருக்கும் கெஸ்ட்டிடம் முதல் வாக்கியம் என்ன சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொண்டான். சித்தி கொழுந்து பறித்த காசில் படித்தான்.

படித்து முடித்ததும் உள்ளூரிலேயே ஒரு விடுதியில் ரிசப்ஷனிஸ்ட் ஆனான். சம்பளம் 9,000. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கிடையாது. பி.எஃப், இ.எஸ்.ஐ கிடையாது. சீசனில் பதினாலு மணி நேரம். ஜூனில் மழை பிடித்து ரூம் காலியானதும், "தம்பி, ஆகஸ்ட்ல வா" என்று அனுப்பிவிட்டார்கள். ஹோட்டல், உணவகத் தொழிலாளர்களுக்கென்றே 1958லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் போட்டாகிவிட்டது. வேலை நேரம், லீவு எல்லாம் அதில் இருக்கிறது. தம்பி வேலை பார்த்த இரண்டு சீசனிலும் அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரும் படியேறி வரவில்லை.

ஆக, நண்பனுக்கு என் முதல் பதில்: எங்கள் ஊரில் ஹோட்டல்கள் இருக்கின்றன, ஹோட்டல் வேலை இல்லை. ஈரக் கையோடு ஓடிவந்த அந்தப் பையன் நான்கு ஆள் வேலையை ஒரு ஆள் சம்பளத்துக்குப் பார்க்கிறான். அதனால்தான் உனக்கு ரூம் அந்த விலைக்குக் கிடைத்தது. செக்-அவுட் பண்ணும்போது நீ அவனுக்கு ஐந்து ஸ்டார் போட்டாய். அவனும் சிரித்தான்.

*

2022இல் தம்பி துபாய் போனான். கோவையில் ஒரு ஏஜென்ட், 1,40,000 ரூபாய். சித்தியின் தாலிக்கொடி, தோடு எல்லாம் அடகுக் கடைக்குப் போயின. இந்தியச் சட்டப்படி பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டியும்தான். இது எனக்கு அப்போது தெரியாது. தம்பிக்கும் தெரியாது. ஏஜென்டுக்கு நிச்சயம் தெரியும்.

ஆஃபர் லெட்டரில் 'ரிசப்ஷனிஸ்ட்' என்று இருந்தது, 1,800 திர்ஹாம். ஏர்போர்ட் கிளம்பும் நாளில் கைக்கு வந்த விசாத் தாளில் வேலை 'கிளீனர்' என்று இருந்தது. ஏஜென்டுக்கு போன் போட்டான். "அது ஃபார்மாலிட்டி தம்பி, அங்க போனதும் மாத்திடுவாங்க." தாலிக்கொடி அடகில் இருக்கிறது, டிக்கெட் கையில் இருக்கிறது, ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. அந்த நேரத்தில் திரும்பி வீட்டுக்கு வர யாருக்கு மனசு வரும்?

அங்கே அவன் ரிசப்ஷனில்தான் நின்றான். கோட்டு, டை, பேட்ஜ், சிரிப்பு எல்லாம் ரிசப்ஷனிஸ்ட்டுடையவை. சம்பளம் கிளீனருடையது, 1,200 திர்ஹாம். பாஸ்போர்ட்டை 'சேஃப்டிக்கு' வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள். அமீரகத்தின் 2021 தொழிலாளர் சட்டம் இரண்டு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறது. ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது. அவனுடைய ஆவணங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. அங்கே ஆஃபர் லெட்டரைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் தர ஏற்பாடு உண்டு, அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. சட்டம் எல்லாம் சரியாகவே இருந்தது. அதை அவனுக்கு எடுத்துச் சொல்ல ஒரு ஆள்தான் இல்லை.

பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். ராத்திரி மூன்று மணிக்கு அன்றைய கணக்கை முடித்து, சிஸ்டத்தில் தேதியை அடுத்த நாளுக்குத் தள்ளிவிட்டு எனக்கு வாட்ஸ்அப் பண்ணுவான். இங்கே நாலரை. சித்தி பெரட்டுக்குக் கிளம்ப எழுந்திருப்பாள். "நின்னு நின்னு கால் வீங்கிப் போச்சு அண்ணே" என்று ஒருநாள் எழுதியிருந்தான். கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினோம், எல்லாரும் கைதட்டினோம். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் நாற்காலி போட்டால் கெஸ்ட்டுக்கு மரியாதை இல்லை என்பது அவனுடைய மேனேஜரின் கொள்கை.

இரண்டு வருடம் கழித்துத் திரும்பினான். கடன் அடைந்திருந்தது. தாலிக்கொடி மீண்டிருந்தது. அதையெல்லாம் நான் மறைக்கவில்லை. 9,000 ரூபாய்க்கும் 26,000 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் பெரிய வித்தியாசம். ஆனால் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? கிளீனர். 700 ராத்திரி அவன் நின்ற மேஜை காகிதத்தில் இல்லவே இல்லை. அடுத்த இன்டர்வியூவில், "நீங்க ஹவுஸ்கீப்பிங் பேக்ரவுண்டா?" என்று கேட்டார்கள். கிளீனர் வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. செய்த வேலை ஒன்று, எழுதிய வேலை வேறு. நம்மில் ஒருவனுக்கு இரண்டு வருட அனுபவத்தை ரெஸ்யூமிலிருந்து அழித்துவிட்டால் எப்படித் துடிப்போம் என்று யோசியுங்கள்.

*

இப்போது 'சாய்ஸ்' என்பதற்கு வருகிறேன்.

நானும் துபாய்க்கு வேலைக்குப் போனவன்தான். 2019 ஆரம்பத்தில், மூன்று மாத ப்ராஜெக்ட். எனக்கு விசா எடுத்தது கம்பெனி. டிக்கெட் கம்பெனி. இன்சூரன்ஸ் கம்பெனி. போவதற்கு முன் எச்.ஆர் அனுப்பிய மெயிலில், எந்த சிம் வாங்க வேண்டும் என்பது முதற்கொண்டு நாற்பது குறிப்புகள் இருந்தன. எனக்கு வேலை வாங்கித்தர நான் ஒரு பைசா கொடுக்கவில்லை. என் ஒப்பந்தத்தை ஒரு வக்கீல், ஒரு எச்.ஆர், ஒரு விசா கன்சல்டன்ட் என்று மூன்று பேர் எனக்காகப் படித்திருந்தார்கள். நான் படிக்கவே இல்லை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். 'டிகிரி படிச்சிருக்கான், காண்ட்ராக்ட்டைப் படிக்க வேணாமா' என்று கேட்கும் நண்பர்களே, உங்களில் எத்தனை பேர் உங்கள் காண்ட்ராக்ட்டை முழுதாகப் படித்திருக்கிறீர்கள்?

அங்கே முதல் வாரம் ஹோட்டலில் தங்கினேன். ரிசப்ஷனில் இருந்த பையன் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பிறந்த ஊரைப் பார்த்துவிட்டு, "அண்ணா குன்னூரா? நான் எடப்பள்ளி" என்றான். இரண்டு நிமிடம் பேசினோம். குளிர், வர்க்கி, மலை ரயில். மேல் மாடியில் ரூம் போட்டுக்கொடுத்தான். என்ன சம்பளம், என்ன விசா, பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவன் அவ்வளவு நன்றாகச் சிரித்தான்.

*

எங்கள் பாட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பாட்டி ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அவளுடைய தாத்தா காலத்தில் தோட்டத்துக்கு ஆள் பிடித்தவன் கங்காணி. அவன் கொடுத்த முன்பணம் கடனாகும். கடன் தீர்ந்தால்தான் தோட்டத்தை விட்டு நகரலாம். இன்ன கடனைக் கட்டினால் இவனை விடுவிக்கிறோம் என்று தோட்டத்தில் எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குப் பெயர் துண்டு. வேறு தோட்டக்காரன் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வான். மனிதனோடு கடனும் கை மாறும். 1921இல் அந்த முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். மறு வருடமே, 1922இல், இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. தோட்டக் கூலிகள் போகும் நாட்டில் என்ன நிலைமை என்று அரசு பார்க்க வேண்டும் என்றானது. கண்டியில் இந்திய அரசின் ஏஜென்ட் ஒருவர் உட்கார்ந்தார். அந்த ஏற்பாட்டில் ஆயிரம் ஓட்டை இருந்தது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காக அதிகாரி ஒருவர் காகிதத்தைப் படிக்க வேண்டும் என்ற எண்ணமாவது அதில் இருந்தது.

1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று, அவர்களைக் கேட்காமலே பங்கு பிரித்தார்கள். பாட்டி இந்தியப் பங்கில் வந்தாள். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கைரேகை வைத்து, மலையேறினாள். குளிரும் கொழுந்தும் பழகியவை என்று எங்களை இந்த மலையில் போட்டார்கள். "எங்க போனாலும் லயந்தான்" என்பாள்.

அந்தப் பாட்டியின் கனவு ஒன்றே ஒன்று. பேரன்கள் கைரேகை வைக்கக் கூடாது, கையெழுத்துப் போட வேண்டும். போட்டோம். அதனால் என்ன கிடைத்தது என்று பாருங்கள்.

1922 சட்டத்தின் இடத்தில் 1983இல் புது குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அதன்படி வளைகுடா, மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர், பத்தாவது தேறாதவர் என்றால் 'எமிக்ரேஷன் கிளியரன்ஸ்' வாங்க வேண்டும். அவருடைய வேலை ஒப்பந்தத்தை ஒரு அதிகாரி பார்ப்பார். விபத்துக் காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு பிரீமியம் 275 ரூபாய், காப்பீடு 10 லட்சம். பத்தாவது தேறியவருக்கு? பாஸ்போர்ட் ஈ.சி.என்.ஆர். கிளியரன்ஸ் தேவையில்லை. அவருடைய தாளை யாரும் பார்க்க வேண்டியதில்லை. காப்பீடும் கட்டாயமில்லை. படித்தவர் அல்லவா, அவரே பார்த்துக்கொள்வார்.

பத்தாம் வகுப்பில் நாங்கள் படித்தது பித்தாகரஸ் தேற்றமும் திருக்குறளும். அமீரகத் தொழிலாளர் சட்டம் எந்த அத்தியாயத்தில் இருந்தது? ஒரு ரிசப்ஷனிஸ்ட்டுக்கு அவன் டிகிரி மேஜைக்கு முன்னால் நிற்கும் தகுதியைத் தருகிறது. மேஜைக்குப் பின்னால் நடக்கும் பேரத்தில் அது அவனுக்கு ஒரு பலமும் தருவதில்லை. கைரேகை வைத்தவளுக்காகப் படிக்க ஒரு அதிகாரி இருந்தார். கையெழுத்துப் போட்டவனுக்கு இல்லை. கல்வியால் நாங்கள் பெற்ற முதல் பரிசு பாதுகாப்பிலிருந்து விலக்கு.

2022 அக்டோபரில் மியான்மரின் மியாவடியிலிருந்து மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்தவர்கள் நினைவிருக்கிறதா? தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிக் கூட்டிப்போய், எல்லை தாண்டவைத்து, ஆன்லைன் மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்திருந்தார்கள். அவர்களும் படித்தவர்கள்தான். அதே வாசல் வழியாகத்தான் போனார்கள்.

*

இப்போது என் பங்குக் கோபம்.

2018 நவம்பரில் வெளியுறவு அமைச்சகம் ஒரு அறிவிப்பு விட்டது. அந்த 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் ஈ.சி.என்.ஆர் பாஸ்போர்ட்காரர்களும், 2019 ஜனவரி 1 முதல், பயணத்துக்கு 24 மணி நேரம் முன்பாகவாவது இ-மைக்ரேட் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று. கிளியரன்ஸ் கூட அல்ல, வெறும் பதிவு. எங்கே போகிறாய், யாரிடம் போகிறாய், என்ன வேலைக்குப் போகிறாய். அவ்வளவுதான்.

உடனே ஒரு கூச்சல். 'நாங்கள் படித்தவர்கள், எங்களைக் கூலிகள் மாதிரி நடத்துவதா', 'லைசென்ஸ் ராஜ் திரும்புகிறது'. அந்த மாத முடிவுக்குள் அமைச்சகம் அறிவிப்பை நிறுத்திவைத்தது. பதிவு அவரவர் விருப்பம் என்றானது.

அந்தக் கூச்சலில் நானும் இருந்தேன். அப்போதுதான் துபாய் ப்ராஜெக்ட் பேச்சு வந்திருந்தது. 'டென்த் பாஸ் பண்ணதுக்கு என்னய்யா மரியாதை?' என்று ட்வீட் போட்டேன். நிறையப் பேர் லைக் போட்டார்கள். அந்த விதியில் குறைகள் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. பதிவு செய்யாதவரை விமானத்திலிருந்து இறக்கிவிடுவோம் என்றது அராஜகம். அரசாங்க வெப்சைட் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று எனக்குத் தொழில்முறையிலேயே தெரியும். ஆனால் நான் குறைகளைத் திருத்தச் சொல்லவில்லை. விதியையே தூக்கச் சொன்னேன். எனக்கு அது பத்து நிமிடத் தொல்லை. நாலு வருடம் கழித்துத் தம்பி ஏர்போர்ட் கிளம்பும்போது, 'வேலை: ரிசப்ஷனிஸ்ட்' என்ற கடிதத்தையும் 'வேலை: கிளீனர்' என்ற விசாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது பார்த்திருந்தால், தாலிக்கொடி போன பிறகாவது, ஒரு கேள்வி எழுந்திருக்கும்.

ஒரே பாஸ்போர்ட், ஒரே முத்திரை. ஆனால் என் பின்னால் கம்பெனி நின்றது, அவன் பின்னால் அடகுக் கடை நின்றது. எனக்குத் தேவைப்படாத ஒன்றை எல்லாருக்கும் தேவையில்லை என்று முடிவு செய்தேன். இதைத்தான் சாய்ஸ் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

*

எதிர்க்கேள்வி ஒன்று நியாயமானது. அரசு காப்பாற்றுகிறேன் என்று வந்தால் கட்டிப்போடும். ஈ.சி.ஆர் பாஸ்போர்ட் உள்ள பெண்கள் முப்பது வயதுக்கு முன் இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போக முடியாது என்று ஒரு விதி இருக்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் பெண்ணை வீட்டில் பூட்டிவைக்கும் விதி. அதனால் அவர்கள் போகாமல் இல்லை, கள்ள வழியில் போகிறார்கள், இன்னும் மோசமாக மாட்டுகிறார்கள். எனக்கு அப்படிப்பட்ட பாதுகாப்பு வேண்டாம். போகாதே என்று சொல்ல அரசுக்கு உரிமை இல்லை. படித்துப் பார்க்க அதற்குக் கடமை உண்டு. நான் கேட்பது இரண்டாவதை மட்டும்.

இது ஆகாத காரியமும் அல்ல. தமிழ்நாட்டுக்கு 1978லிருந்தே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று ஒரு அரசு நிறுவனம் இருக்கிறது. கேரளத்தில் 1996லிருந்து நோர்க்கா இருக்கிறது. நம்மிடம் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை என்றே ஒன்று இருக்கிறது. அந்தப் பெயரில் வரும் மறுவாழ்வு, பாட்டி போலத் திரும்பி வந்தவர்களுக்கானது. அயலகம், தம்பி போலப் போகிறவர்களுக்கானது. ஒரே குடும்பத்தின் இரண்டு தலைமுறையும் ஒரே துறையின் ஃபைலுக்குள் வந்துவிட்டன. ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடுகிறோம். கொண்டாடட்டும். கூடவே குன்னூரிலும் கூடலூரிலும் ஒரு அறை, ஒரு மேஜை, அரபு நாட்டு ஒப்பந்தம் படிக்கத் தெரிந்த ஒரு ஆள். கேட்டரிங் கடைசி வருடத்தில் டை கட்டச் சொல்லிக்கொடுக்கும் நாளில், விசாத் தாளைப் படிக்கவும் ஒரு நாள். 275 ரூபாய் காப்பீட்டைப் பத்தாவது தேறியவனுக்கும் கட்டாயமாக்க என்ன தடை? அதோடு, இதைவிட முக்கியமாக, ஊட்டியில் ரிசப்ஷனில் நிற்பவனுக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். இங்கே காகிதமே பார்க்காமல் வேலை செய்து பழகியவன், அங்கே நீட்டும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவான்.

*

போன வாரம் தம்பி ஒரு பி.டி.எஃப் அனுப்பினான். மாலத்தீவில் ஒரு ரிசார்ட், ஃப்ரன்ட் ஆபிஸ். "கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கண்ணே." மாலத்தீவு அந்த 18 நாடுகள் பட்டியலிலேயே இல்லை. அங்கே பத்தாவது தேறாதவனுக்கும் கிளியரன்ஸ் கிடையாது.

இந்தத் தடவை உட்கார்ந்து படித்தேன். என் சொந்த ஒப்பந்தத்தைக்கூட அப்படிப் படித்ததில்லை. வேலைப் பெயர் முதல் பக்கத்தில் ஒன்று, இணைப்பில் வேறு. சர்வீஸ் சார்ஜில் பங்கு உண்டா என்று இல்லை. வார விடுமுறை பற்றி ஒரு வரி இல்லை. இடையில் விலகினால் யார் யாருக்குப் பணம் தர வேண்டும் என்பது மட்டும் மிகத் தெளிவாக இருந்தது. ஒன்பது கேள்விகள் எழுதி அனுப்பி, "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதையெல்லாம் கேளு" என்றேன்.

அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "இதெல்லாம் கேட்டா வேற ஆளை எடுத்துடுவாங்களே அண்ணே."

அவன் சொல்வது சரி. தனியாகக் கேட்டால் வேலை போகும். எல்லாருடைய தாளிலும் ஒரு அதிகாரி கேட்டே தீருவார் என்றால், கேட்டதற்காக யாருடைய வேலையும் போகாது. 2018இல் நாம் சேர்ந்து தூக்கி எறிந்தது அதன் முதல் படியைத்தான். தம்பி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அவன் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் அனுப்பவில்லை.